வேட்டைக் கத்தியைக் கையால் செய்தல்: வரைவு முதல் வெட்டிப் பார்ப்பது வரை

கையால் செய்த வேட்டைக் கத்தி நன்றாக உழைக்குமா என்பது பெரும்பாலும் கைப்பிடி ஏறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வெட்டுவாய் எவ்வளவு மெலிந்திருக்கிறது, எஃகுக்குத் தோய்ச்சலும் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்குவது) பதமும் (பிறகு அடுப்பில் வைத்து அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது) சரியாக அமைந்தனவா என்ற இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. புதிதாகச் செய்ய வருபவர்களோ பளபளப்புக்கும் கைப்பிடி மரத்துக்கும் முதலில் மனத்தைக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வெட்டிப் பார்க்கிறார்கள். அப்போது வாய் மடங்கினாலும் சில்லு பெயர்ந்தாலும், ஒட்டிய கைப்பிடியை உடைக்காமல் எதையும் திருத்த முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் வெற்று அலகையே முதலில் சோதித்து, அது தேறிய பிறகுதான் கைப்பிடிக்குப் போகிறோம்.

இங்கே சொல்லப்படுவது, தட்டை எஃகுப் பட்டையை அறுத்துத் தேய்த்துச் செய்யும் முறை. உலையில் அடித்து வடிவம் எடுப்பவர்களுக்கும் ஐந்தாம் பகுதியிலிருந்து எல்லாம் அப்படியே பொருந்தும்.

1. கத்தியின் வேலையை முதலில் எழுதி வையுங்கள்

வேட்டைக் கத்தியின் வேலை தோலுரிப்பது, வயிற்றைத் திறப்பது, மூட்டுகளைப் பிரிப்பது, இறைச்சியைத் துண்டுபோடுவது. விறகு பிளப்பதும் எலும்பைக் கொத்துவதும் அதன் வேலை அல்ல. இதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யாதவர்கள் எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்று 6 மில்லிமீட்டர் தடிப்பில் ஓர் அலகைச் செய்கிறார்கள். அது தோலுக்குள் இறங்காமல் தோலைத் தள்ளிக்கொண்டே போகும்.

முதல் கத்திக்கு நான் சொல்லும் அளவுகள் இவை: அலகு 9 முதல் 11 சென்டிமீட்டர் நீளம், 28 முதல் 32 மில்லிமீட்டர் அகலம், முதுகில் 3 மில்லிமீட்டர் தடிப்பு, கைப்பிடி 11 முதல் 12 சென்டிமீட்டர். முதுகு முனையை நோக்கி மெல்லத் தாழ்ந்து இறங்க வேண்டும். முனை கத்தியின் நடுக்கோட்டுக்கு அருகில் வந்து நிற்பதால், வயிற்றைத் திறக்கும்போது அது உள்ளே இருக்கும் குடலைக் குத்துவதில்லை. வெட்டுவாயின் முன்பகுதியில் நல்ல வளைவு இருந்தால்தான் தோலுரிக்கும்போது மணிக்கட்டைச் சுழற்றி நீண்ட வெட்டாக இழுக்க முடியும்.

காம்பு, அதாவது கைப்பிடிக்குள் போகும் எஃகுப் பகுதி, கைப்பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் இருக்கட்டும். ஒளிந்த காம்பில் துளையிட்டு உட்செலுத்தும் வேலை அழகானது, ஆனால் பிழை நடந்தால் வெளியே தெரியாது. முதல் கத்தியில் எல்லாம் கண்ணுக்குத் தெரிவதே நல்லது.

2. கையில் இருக்க வேண்டியவை

எஃகு: 1084 என்ற வகையை வாங்குங்கள். அதில் ஏறத்தாழ 0.84 விழுக்காடு கார்பன் உண்டு. இந்த அளவு கார்பன் உள்ள எஃகு, சரியான வெப்பத்துக்கு வந்ததும் நெடுநேரம் காத்திருக்க வைக்காமல் தோய்ச்சலுக்குத் தயாராகிவிடுகிறது. வெப்பத்தைத் துல்லியமாகப் பிடித்து வைக்க முடியாத எளிய உலைக்கு இதைவிடப் பொருத்தமான எஃகு இல்லை. 52100, ஓ1 போன்றவை சிறந்த கத்திகளைத் தருபவைதாம். ஆனால் அவற்றைக் குறிப்பிட்ட வெப்பத்தில் பல நிமிடங்கள் அசையாமல் நிறுத்திவைக்க வேண்டியிருப்பதால், வெப்பக் கட்டுப்பாடு உள்ள மின்உலை இல்லாதவர் அவற்றின் பலனை முழுதாகப் பெற மாட்டார்.

பழைய அரம், வண்டியின் பட்டைவில் போன்ற கைக்குக் கிடைத்த எஃகில் முதல் கத்தியைச் செய்ய வேண்டாம். அதன் கலவை தெரியாமல் தோய்ச்சல் வெப்பத்தை ஊகிக்க வேண்டியிருக்கும். அலகு சரியில்லாமல் போனால் தவறு உங்கள் கையிலா எஃகிலா என்று பிரித்தறிய வழியில்லை.

கருவிகள்: இரும்பறுக்கும் ரம்பம், ஒரு பெரிய தட்டை அரம், ஒரு நடுத்தர அரம், வைஸ், துளையிடும் ட்ரில், வெர்னியர் காலிப்பர், 60 முதல் 600 வரையிலான உப்புத்தாள்கள், நான்கு கிளாம்ப்கள், சாணைக்கல். பெல்ட் கிரைண்டர் இருந்தால் நேரம் மிச்சமாகும். இல்லாவிட்டால் கத்தி வராது என்பதில்லை. என் கருத்தில் முதல் அலகை அரத்தால் தேய்ப்பதே நல்லது. கிரைண்டர் ஒரு நொடியில் செய்துவிடும் பிழையை அரம் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு செய்யும்; அதற்குள் நீங்கள் கவனித்துவிடலாம்.

வெப்ப வேலைக்கு: சிறிய எரிவாயு உலை, நீண்ட பிடியுள்ள குறடு, ஒரு காந்தம், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் குறைந்தது 4 லிட்டர் கனோலா எண்ணெய், எண்ணெயில் விடும் வெப்பமானி, வீட்டு அடுப்புக்கான தனி வெப்பமானி. துத்தநாகம் பூசிய வாளியை எண்ணெய்க்குப் பயன்படுத்த வேண்டாம். சூடேறினால் அதன் புகை நஞ்சு. பிளாஸ்டிக் வாளியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. எண்ணெயில் தீப்பற்றினால் மூடியால் மூடி அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் எண்ணெய் தெறித்துத் தீ பரவும்.

கண்ணாடியும், துகள் வடிகட்டும் முகமூடியும் முதல் நாளிலிருந்தே அணியுங்கள். எஃகுத் துகளைவிட மரத்துகளே பலருக்கு அதிகத் தொல்லை தருகிறது. ஈட்டி போன்ற மரங்களின் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. சுழலும் கிரைண்டர் பெல்ட்டுக்கு அருகில் துணிக் கையுறை அணியாதீர்கள்; அது சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

3. அட்டை மாதிரியும் வெளிவடிவமும்

வடிவத்தைத் தடித்த அட்டையில் வரைந்து வெட்டிக் கையில் பிடித்துப் பாருங்கள். ஆட்காட்டி விரல் எங்கே உட்காருகிறது, கைப்பிடியின் பின்முனை உள்ளங்கையைக் குத்துகிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையைத் திருத்த ஒரு நிமிடம் போதும். எஃகைத் திருத்த ஒரு மாலைப் பொழுது போகும்.

மாதிரி பிடித்திருந்தால் எஃகில் வைத்து, கூரிய ஊசியால் சுற்றிக் கோடு கீறுங்கள். பேனாக் கோடு தேய்க்கும்போது அழிந்துவிடும். கீறிய கோடு நிற்கும். கோட்டுக்கு வெளியே 1 மில்லிமீட்டர் விட்டு அறுத்து, மீதியை அரத்தால் கோடு வரை கொண்டுவாருங்கள். உள்வளைவுகள் எல்லாவற்றையும் உருளை அரத்தால் வழவழப்பாக்குங்கள். கூரான உள்மூலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் தோய்ச்சலில் விரிசல் தொடங்கும்.

4. துளைகளை இப்போதே போட்டுவிடுங்கள்

தோய்ச்சல் ஏறிய எஃகில் சாதாரண ட்ரில் இறங்காது. இதை மறந்து, கடினமாகிவிட்ட காம்போடு மல்லுக்கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

6 மில்லிமீட்டர் பித்தளை ஆணிக்குக் காம்பில் 6.2 அல்லது 6.3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். தோய்ச்சலில் காம்பு சற்றே அசைந்தாலும் ஆணி தடையின்றி இறங்க இந்த இடைவெளி வேண்டும். இரண்டு ஆணிகளுக்கு இடையில் இன்னும் மூன்று நான்கு துளைகள் இட்டால் காம்பின் எடை குறையும். அவற்றின் வழியாகப் பசை இரு பக்கங்களையும் இணைத்துப் பிடிக்கும். எல்லாத் துளைகளின் விளிம்புகளையும் பெரிய ட்ரில்லால் லேசாகச் சாய்த்துவிடுங்கள். காரணம் உள்மூலைக்குச் சொன்னதேதான்.

5. சரிவு தேய்த்தல்

முதுகிலிருந்து வெட்டுவாய்க்கு அலகு மெலிந்து இறங்கும் பரப்பையே சரிவு என்கிறேன். கத்தியின் வெட்டும் திறனில் பெரும்பங்கு இங்கேதான் உருவாகிறது. எந்த உயர்ந்த எஃகானாலும், வாய்க்குப் பின்னால் தடித்திருந்தால் பொருளைப் பிளக்குமே தவிர வெட்டாது.

முதலில் வெட்டுவாயாக வரப்போகும் ஓரத்தின் முழு நீளத்துக்கும் நிறமைக் குச்சியால் மை பூசி, நடுவில் இரண்டு இணைகோடுகளைக் கீறுங்கள். கோடுகளுக்கு இடையிலான தூரம் 0.7 மில்லிமீட்டர் இருக்கட்டும். தோய்ச்சலுக்கு முன் வாய் இந்தத் தடிப்பில் நிற்க வேண்டும். இதைவிட மெலிந்தால் எண்ணெயில் இறங்கும்போது வாய் அலையலையாக வளையும், சில நேரம் விரிசலும் விடும். அதிகம் தடித்திருந்தால் கடினமான எஃகைப் பிறகு மணிக்கணக்கில் தேய்க்க வேண்டிவரும்.

அடுத்து, சரிவு கைப்பிடிப் பக்கத்தில் எங்கே தொடங்க வேண்டும் என்று இரு பக்கமும் ஒரே இடத்தில் கோடு போடுங்கள். அங்கே இரண்டு இரும்புத் துண்டுகளை எதிரெதிராகக் கிளாம்ப் செய்து அரத்துக்கு அணையாக வைத்தால் இரண்டு பக்கமும் ஒத்து வரும். அணையை ஒட்டிய மூலை அரத்தின் கூர்விளிம்பால் செங்குத்தாக வெட்டப்படாமல், சிறு வளைவோடு எழ வேண்டும்.

இனித் தேய்க்கும் வரிசை. அரத்தை முதலில் 45 பாகை சாய்த்து, ஓரத்தை மட்டும் கீறிய கோடு வரை இரு பக்கமும் இறக்குங்கள். பிறகு சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கி, அந்தத் தேய்ப்பு முதுகை நோக்கி ஏறும்படி செய்யுங்கள். நேராகத் தட்டைச் சாய்விலேயே தொடங்குபவர்களுக்கு, வாய் எங்கே இருக்கிறது என்பது கடைசி நிமிடம் வரை தெரியாது. ஒரு பக்கம் கோட்டைத் தாண்டிய பிறகுதான் கவனிப்பார்கள். பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால், கை களைத்த பிறகு தேய்த்த பக்கம் வேறு கோணத்தில் வந்து நிற்கும்.

முனைக்கு அருகில் அலகு குறுகுவதால் அங்கே எஃகு விரைவாகத் தேய்ந்துபோகும். முனையை நோக்கிப் போகும்போது அழுத்தத்தைக் குறையுங்கள்.

6. உலைக்குப் போகும் முன்

அரத்தின் ஆழமான கீறல்கள் குறுக்காக நின்றால் அவையும் விரிசலுக்கு வழி. 120, பிறகு 220 உப்புத்தாளால் அலகின் நீளவாக்கில் தேய்த்து அவற்றை அகற்றுங்கள். இதற்குமேல் பளபளப்பாக்குவது வீண். உலையில் எப்படியும் கருத்துவிடும்.

பிறகு எஃகின் உள்மணிகளை, அதாவது அதன் உள்ளே இருக்கும் நுண்படிகங்களை, சிறிதாக்கும் வேலை. அலகை 870 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, வெளியே எடுத்து, நிறம் முழுதும் மறையும் வரை காற்றில் ஆற விடுங்கள். இரண்டாவது முறை 815, மூன்றாவது முறை 760 பாகை. வெப்பமானி இல்லாதவர்கள் முதல் முறையை நல்ல செம்மஞ்சளிலும், அடுத்தடுத்ததை அதைவிட ஒரு படி மங்கலான சிவப்பிலும் நிறுத்தலாம். மணிகள் பெரிதாக இருந்தால் வெட்டுவாய் எவ்வளவு கடினமாக இருந்தாலும் பொடிந்து உதிரும். இந்த மூன்று சுற்றையும் தாவிவிடுபவர்கள் பலர். அரை மணி நேர வேலைதான் இது.

அதே எஃகில் விரலளவுத் துண்டு ஒன்றையும் அலகோடு சேர்த்து எல்லாச் சுற்றுகளிலும் சூடாக்கி வாருங்கள். அதன் பயன் அடுத்த பகுதியில் வரும்.

7. தோய்ச்சல்

எண்ணெயை 50 முதல் 55 பாகை வரை சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து, அலகைச் சுற்றி விரைவாக ஓடாது. இளஞ்சூட்டில் இருப்பதுதான் வேகமாகக் குளிர்விக்கும். இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும் விஷயம்.

விளக்குகளை அணைத்து, உலைக்கூடத்தை மங்கலாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் சிவப்பு உள்ளதைவிட மங்கலாகத் தெரிவதால் நாம் அளவுக்கு மீறிச் சூடாக்கிவிடுகிறோம். என் தொடக்கக் காலத்து அலகு ஒன்றை நண்பகலில் முற்றத்தில் தோய்த்தேன். வாய் அரத்துக்கு வழுக்கியது, பார்க்க எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் மரக்கணுவில் முதல் அழுத்தத்திலேயே நகக்கண் அளவு துண்டு பெயர்ந்தது. உடைந்த இடம் சர்க்கரைக் குருணை போல மின்னியது.

சூடேற்றும்போது அலகை உலைக்குள் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள். முனை மெலிந்திருப்பதால் அதுதான் முதலில் சிவக்கும். ஏறத்தாழ 770 பாகையில் எஃகு காந்தத்தை ஏற்காது. காந்தத்தில் தொட்டுப் பார்த்து, அது ஒட்டாமல் போன பிறகு இன்னும் ஒரு படி, 815 பாகை வரை ஏற்ற வேண்டும். இருட்டில் உற்றுப் பார்ப்பவர்களுக்குக் காந்தத்தை விடவும் நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு: சிவந்த அலகின் உள்ளே மங்கலான நிழல்கள் ஓடும். தடித்த முதுகுப் பகுதியில் அந்த நிழல் சிறிது நேரம் தங்கி நின்று, மெல்லச் சுருங்கி, மறைந்துபோகும். எஃகின் உள்ளமைப்பு மாறும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் வரும் நிழல் அது. நிழல் முழுதும் மறைந்து, அலகு முழுவதும் ஒரே நிறமாக ஆன பிறகு சில வினாடிகள் பொறுத்து எடுத்தால் சரியான இடத்தில் எடுத்திருப்பீர்கள்.

எடுத்ததும் தயங்கக் கூடாது. 1084 எஃகு எண்ணெய்க்குள் இறங்கியதும் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் 540 பாகைக்குக் கீழே போயாக வேண்டும். இல்லாவிட்டால் கடினம் ஏறாது. வழியிலேயே காற்றில் சூட்டை இழந்துவிட்டால் எண்ணெயாலும் பயனில்லை. அதனால் எண்ணெய்ப் பாத்திரம் உலையிலிருந்து கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெறும் கையோடும் குளிர்ந்த அலகோடும் இந்த நகர்வை நான்கைந்து முறை ஒத்திகை பார்த்துவிட்டே உலையை ஏற்றுங்கள்.

முனை கீழாக, செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாகவோ, வாய்ப்பக்கம் முதுகுப்பக்கமாகவோ மட்டும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முதலில் குளிர்ந்து அலகு வளைந்துவிடும். 'டிங்' என்று மெல்லிய ஓசை கேட்டால் அது விரிசல். அந்த அலகைப் புதைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள், ஒட்டவைக்க முடியாது.

புகை அடங்கியதும், அலகு இன்னும் 200 பாகையை ஒட்டிய சூட்டில் இருக்கும்போதே வெளியே எடுத்து முதுகுவழியாகப் பாருங்கள். வளைந்திருந்தால் தடித்த தோல் கையுறையோடு உடனே நேராக்கலாம். அதற்குக் கிடைப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். ஆறிய பிறகு நேராக்க முயன்றால் கண்ணாடி போல உடையும்.

ஆறியதும் வாயில் அரத்தை ஓட்டிப் பாருங்கள். மேல்தோல் கார்பனை இழந்து மென்மையாக இருக்கலாம் என்பதால் முதல் இரண்டு மூன்று இழுப்புகள் சற்றுப் பிடிக்கும். அதன்பின் அரம் கண்ணாடிமேல் போல வழுக்க வேண்டும். தொடர்ந்து பிடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. மறுபடி சூடாக்கித் தோயுங்கள்.

கூடவே தோய்த்த சிறு துண்டை வைஸில் பிடித்துத் துணியால் மூடிச் சுத்தியலால் உடையுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிற வெல்வெட் துணி போல மங்கலாக இருந்தால் மணிகள் நுண்மையாக இருக்கின்றன. மின்னும் குருணையாகத் தெரிந்தால் ஆறாம் பகுதியின் மூன்று சுற்றுகளுக்குத் திரும்புங்கள். இந்தத் துண்டு சொல்லும் செய்தியை வேறு எந்த எளிய வழியிலும் பெற முடியாது.

8. பதம்

தோய்ச்சல் முடிந்த அலகு கடினமாக இருக்கும், ஆனால் கீழே விழுந்தாலே உடையும். அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவதே பதம். கைப்பொறுக்கும் சூட்டுக்கு வந்தவுடன் அடுப்பில் வையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்ட அலகு இரவில் தானாகவே விரிசல் விடுவதுண்டு.

200 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு, மீண்டும் இரண்டு மணி நேரம். 1084-க்கு இது ராக்வெல் சி அளவையில் 60 ஐ ஒட்டிய கடினத்தைத் தரும். வீட்டு அடுப்பின் திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். அதன் வெப்பம் இருபது முப்பது பாகை ஏறி இறங்கும். மணல் நிரப்பிய தட்டில் அலகைப் புதைத்து, தனி வெப்பமானியை அதன் அருகில் வைத்தால் ஏற்ற இறக்கம் தணியும். முன்பே தேய்த்துப் பளிச்சென்று வைத்த இடத்தில் இளம் வைக்கோல் நிறம் வந்திருந்தால் சரி. நீலம் வந்திருந்தால் பதம் மீறிப்போயிற்று.

9. மீண்டும் தேய்த்தல்

இப்போது 0.7 மில்லிமீட்டர் தடிப்பில் நிற்கும் வாயை 0.4 வரை மெலிதாக்க வேண்டும். காலிப்பரால் மூன்று நான்கு இடங்களில் அளந்து கொண்டே செய்யுங்கள். 0.5 இலேயே நிறுத்திக்கொள்ளத் தோன்றும். அந்தக் கடைசி 0.1 மில்லிமீட்டர்தான் தோலுரிக்கும்போது கையில் தெரியும்.

கிரைண்டர் பயன்படுத்தினால் வெறும் கையால் பிடியுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு தண்ணீரில் தோயுங்கள், புதிய பெல்ட் போடுங்கள். தேய்ந்த பெல்ட் வெட்டாமல் உராய்ந்து சூட்டை மட்டுமே உண்டாக்கும். வாயில் நீலம் படர்ந்துவிட்டால் அந்த இடம் மென்மையாகிவிட்டது என்று பொருள். நீலத்தை உப்புத்தாளால் துடைத்தெடுத்தாலும் இழந்த கடினம் திரும்பாது. அந்த அளவுக்குத் தேய்த்து நீக்க வேண்டும், அல்லது மறுபடி தோய்ச்சல்.

பிறகு 220, 400, 600 என்று கையால் தேய்த்து முடியுங்கள். முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன பிறகே அடுத்ததற்கு மாறுங்கள்.

10. வெற்று அலகைச் சோதித்தல்

காம்பில் கயிறு சுற்றித் தற்காலிகப் பிடி செய்து, சாணைக்கல்லில் பக்கத்துக்கு 20 பாகை கோணத்தில் கூர் போடுங்கள்.

முதல் சோதனை பித்தளைத் தண்டு. 6 மில்லிமீட்டர் தண்டு ஒன்றை வைஸில் கிடைமட்டமாகப் பிடித்து, பாதி மேலே தெரியும்படி வையுங்கள். கூர் போட்ட அதே கோணத்தில் வாயை அதன்மேல் சாய்த்து, பின்னால் விளக்கு வைத்து, அழுத்துங்கள். தண்டுக்கு மேல் வாய் மெல்லப் புடைத்து எழுவது வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியும். அழுத்தத்தை எடுத்ததும் வாய் நேராகத் திரும்பினால் பதம் சரி. மடங்கியே நின்றால் மென்மை அதிகம். சில்லு பெயர்ந்தால் கடினம் அதிகம். 10 பாகை கூட்டி, அதாவது 210 பாகையில், இன்னொரு சுற்றுப் பதம் கொடுத்து மறுபடி பாருங்கள். முழு நீளத்துக்கும் சோதியுங்கள், ஏனெனில் முனை மட்டும் மென்மையாகவோ குதிகால் (கைப்பிடியை ஒட்டிய வாய்ப்பகுதி) மட்டும் தோய்ச்சல் ஏறாமலோ இருப்பது சாதாரணம்.

ஒரு எச்சரிக்கை: வாய் 0.6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அது புடைக்கவே புடைக்காது, அதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து, காய்ந்த மரக்கணு ஒன்றை வாயால் செதுக்குங்கள், மானின் கொம்பு கிடைத்தால் அதிலும் லேசாகச் செதுக்கிப் பாருங்கள். இலக்கு வெட்டித் தள்ளுவதல்ல. மூட்டைப் பிரிக்கும்போது எலும்பில் உரசும் நிலையை முன்கூட்டியே பார்ப்பது. பிறகு வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது; எங்கே வெள்ளைப் புள்ளி மின்னுகிறதோ அங்கே மடங்கியோ பெயர்ந்தோ இருக்கிறது.

கத்தி செய்யும் கொல்லர்களின் சங்கமான அமெரிக்கன் பிளேடுஸ்மித் சொசைட்டி தன் ஜர்னிமேன் நிலைத் தேர்வில் தொங்கும் கயிற்றை வெட்டச் சொல்லி, மரச்சட்டத்தைக் கொத்தச் சொல்லி, அதன்பின் முடியை மழிக்கச் சொல்லி, கடைசியில் அலகை 90 பாகை வளைக்கச் சொல்கிறது. அது பெரிய கத்திக்கும் அதற்கென்றே கொடுத்த பதத்துக்கும் உரிய தேர்வு. 10 சென்டிமீட்டர் தோலுரிக்கும் கத்தியை வளைத்துப் பார்த்து உடைத்துவிட்டு மனம் தளர்ந்தவர்கள் உண்டு. வாயைத் தக்கவைக்கும் அளவுக்குக் கடினமாகச் செய்த சிறு அலகிடம் அந்த வளைவை எதிர்பார்க்கத் தேவையில்லை.

11. கைப்பிடி

கைப்பிடிப் பலகைகளின் முன்முகத்தை, அதாவது அலகை நோக்கி இருக்கும் ஓரத்தை, ஒட்டுவதற்கு முன்பே வடிவம் கொடுத்து மெருகேற்றி முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு அந்த இடத்தைத் தொட்டால் அலகில் கீறல் விழும். புதியவர்கள் செய்யும் வரிசைப் பிழைகளில் துளையை மறப்பதற்கு அடுத்தது இதுதான். இரண்டு பலகைகளையும் தற்காலிக ஆணிகளால் ஒன்றாகக் கோத்துச் செதுக்கினால் முகங்கள் ஒத்துவரும்.

காம்பையும் பலகையின் உட்பக்கத்தையும் 60 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடையுங்கள். துடைத்த பின் விரல் படக் கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. மெதுவாக இறுகும் எபாக்சியைப் பூசி, ஆணிகளை இறக்கி, கிளாம்ப் போடுங்கள். வலுவாக இருக்கட்டும் என்று முழுப் பலத்தோடு முறுக்கினால் பசை முழுதும் வெளியே பிதுங்கி, உள்ளே ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஓரத்தில் சீரான மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்த்தால் போதும். முன்முகத்தில் வழிந்ததை உடனே அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, 24 மணி நேரம் தொடாதீர்கள்.

வடிவம் கொடுக்கும்போது குறுக்குவெட்டு முட்டைவடிவாக அமையட்டும். வட்டமான பிடி ஈரக்கையில் சுழலும், வாய் எந்தப் பக்கம் என்பதும் இருட்டில் தெரியாது. மொத்தத் தடிப்பு நடுவில் 20 முதல் 22 மில்லிமீட்டர். கண்ணை மூடிக்கொண்டு மேசையிலிருந்து கத்தியை எடுத்துப் பாருங்கள். வாயின் திசை கைக்குத் தானாகத் தெரிய வேண்டும். ஆணித்தலைகளைக் கிரைண்டரில் வேகமாகத் தேய்த்தால் அந்தச் சூடு எபாக்சியை இளக்கிவிடும், ஆகவே இங்கும் மெதுவாக.

12. கூரும் இறுதிச் சோதனையும்

பக்கத்துக்கு 18 முதல் 20 பாகை. ஒரு பக்கத்தைத் தேய்த்து மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் பிசிறு எழும்பும் வரை பக்கத்தை மாற்றாதீர்கள். பிசிறு எழாத இடத்தில் கூர் வரவே இல்லை. பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே மாறி மாறித் தேய்த்து, கடைசியில் தோல்பட்டையில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை நீக்குங்கள். தோலுரிக்கும் கத்திக்குக் கண்ணாடி மெருகு வேண்டியதில்லை. 600 முதல் 1000 எண் கல்லில் நிறுத்தினால் வாயில் தங்கும் நுண்பற்கள் தோலையும் தசைநாரையும் நன்றாகப் பற்றி வெட்டும்.

எவ்வளவு நேரம் கூர் நிற்கிறது என்பதை அளக்க 12 மில்லிமீட்டர் மணிலா கயிறு போதும். எடைத்தராசின்மேல் மரப்பலகை வைத்து, அதன்மேல் கயிற்றை வைத்து, அலகின் ஒரே 3 சென்டிமீட்டர் பகுதியால் வெட்டுங்கள். கயிறு அறும்போது தராசு காட்டும் எடையைப் பத்து வெட்டுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். முதல் வெட்டின் எடை, வாய் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைச் சொல்கிறது; போகப்போக எடை ஏறும் வேகம், எஃகும் பதமும் எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால், அடுத்த கத்தியில் மாற்ற வேண்டியது அரத்தின் வேலையா அடுப்பின் வேலையா என்று தெரிந்துவிடும். கயிற்றில் மண்துகள் இருந்தால் கணக்கு முழுதும் தவறும். புதிய கயிற்றையே பயன்படுத்துங்கள்.

13. உறையும் பேணலும்

உறைக்குத் தாவரப் பட்டையில் பதனிட்ட 3 மில்லிமீட்டர் தோலை எடுங்கள். குரோமியத்தில் பதனிட்ட தோலில் தங்கும் உப்புகள் கார்பன் எஃகை அரிக்கும். வாய் வரும் பக்கத்தில் இரண்டு தோல்களுக்கும் நடுவே இன்னொரு பட்டை வைத்துத் தையுங்கள். இல்லாவிட்டால் கத்தி உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் நூலை அறுக்கும்.

இரத்தத்தில் உப்பு உண்டு. வேலை முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் கழுவித் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். நாளடைவில் அலகில் படரும் நீலச்சாம்பல் நிறம் துரு அல்ல, அதைத் தேய்த்து எடுக்காதீர்கள்; சிவப்புப் புள்ளியை மட்டும் அன்றே நீக்குங்கள். உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். தோல் காற்றின் ஈரத்தை இழுத்து அலகோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். கத்தியை எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பெட்டியிலும், உறையைத் தனியாகவும் வையுங்கள்.